கழிக்காமல் விட்ட இரண்டு முழம்

ஜவ்வாது மலையில் ஒரு விவசாயிக்குக் கிடைக்க வேண்டிய கிணற்றை நான் கிடைக்காமல் செய்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. அதனால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. பலர் முன்னால் அவர் என்னைப் பற்றி ஒரு பேச்சுப் பேசிச் சிரிக்க வைத்தார், அதற்காகச் செய்தேன். செய்தது பார்வைக்கு மிகச் சிறிய காரியம். ஒரு கணக்கில் கழிக்க வேண்டிய இரண்டு முழத்தைக் கழிக்காமல் விட்டேன்.

நிலத்தடி நீரை அளக்கும் அரசுப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். நிலவியல் படித்தவன். கண்ணமங்கலத்தில் வீடு, போளூரில் அலுவலகம். மாதம் ஒருமுறை மலைப் பேருந்தில் ஏறிப் போய் என் பொறுப்பிலிருந்த கிணறுகளில் தண்ணீர் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்று அளக்க வேண்டும். இரண்டு ஓடைகளில் நட்டிருந்த அளவுக் கம்பத்தைப் பார்த்து, ஓட்டம் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று குறிக்க வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீர் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

மலையில் அரசுக் கிணறுகள் குறைவு. அதனால் விவசாயிகளின் கிணறுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் கைப்பிடிச் சுவரின் மேல் வெள்ளைப் பெயின்டில் ஓர் அம்புக்குறி போடுவோம். ஒவ்வொரு மாதமும் அந்தக் குறியிலிருந்துதான் டேப்பை இறக்க வேண்டும். வரும் அளவிலிருந்து சுவரின் உயரத்தைக் கழித்தால், தரைமட்டத்துக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது தெரியும். ஐந்தாம் வகுப்புக் கழித்தல்.

காவலூர்ச் சாலையிலிருந்து பிரிந்து ஒரு மைல் நடந்தால் வரும் சிற்றூரில் அந்த விவசாயியின் கிணறு இருந்தது. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். கொஞ்சம் நெல், மீதியெல்லாம் சாமை, நாலு புளியமரம். மனைவி, ஒரே மகன். ஊரே அந்தக் கிணற்றில்தான் குடிதண்ணீர் எடுத்தது. சின்ன வார்த்தையில் பெரிய சிரிப்பை வரவழைக்கும் வாய் அவருக்கு.

ஒரு பனிக்காலத்தில் மூன்று மாதம் நான் மலைக்குப் போகவில்லை. முழங்கால் வலி, பேருந்து சரியில்லை என்றெல்லாம் எழுதக் கை வருகிறது. உண்மையில் சோம்பல். போளூர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, முந்தைய மாத அளவோடு கொஞ்சம் இறக்கம் சேர்த்து எழுதிவிட்டேன். எங்கள் ஆட்கள் நடுவில் இதற்கு 'டீக்கடை அளவு' என்று பெயரே இருந்தது.

அடுத்த மாதம் பெரிய அதிகாரி முன்னறிவிப்பில்லாமல் ஜீப்பில் வந்து என்னையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார். அந்த விவசாயியின் கிணற்றடியில் நின்றோம். நாலைந்து பெண்கள் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார்கள். இவர் மாதாமாதம் ஒழுங்காக வருகிறாரா என்று அதிகாரி பொதுவாகத்தான் கேட்டார்.

"எங்க நாயத்தான் சார் கேக்கணும்" என்றார் கிணற்றுக்காரர். "இவரு வந்தா கொரைக்கும். மூணு மாசமா சும்மா படுத்துக் கெடக்குது. இன்னா நோவு வந்துச்சோன்னு நானும் பாத்துக்கினு இருக்கேன்."

பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஜீப் டிரைவர் சிரித்தார். அதிகாரியும் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. மறுவாரம் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. வரவேண்டிய பதவி உயர்வு என்னைத் தாண்டி, நான் வேலை சொல்லிக் கொடுத்த ஒருவருக்குப் போயிற்று.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். டிரைவர் கதையை அலுவலகத்தில் சொல்லிவிட்டார். நான் காலையில் உள்ளே நுழைந்தால் ஏதோ ஒரு மேஜையிலிருந்து மெல்ல ஒரு குரைப்பு வரும். நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் காகிதத்தில் தலை கவிழ்ந்திருப்பார்கள். ஒன்றரை வருடம் இது நடந்தது. பணி மாறுதலில் புதிதாக வந்தவர்களும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். இதை எழுதும்போதும் என் காது சூடாகிறது. குரைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அத்தனையும் மலைமேல் இருந்த அந்த ஒருவர் மேல்தான் போய் நின்றது.

அதற்குப் பிறகு நான் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. மழையில் போனேன், காய்ச்சலில் போனேன். பழி வாங்க வேண்டும் என்ற நினைப்பே என்னை ஒழுங்கான ஊழியனாக்கியது. கிணற்றடிக்குப் போனால் அவர் எதுவும் நடக்காதவர்போல வருவார். உட்காரச் சொல்வார். பலாப் பருவமென்றால் சுளை எடுத்துக் கொடுப்பார். அவர் நடிக்கவில்லை, அந்தப் பேச்சை மறந்தே போயிருந்தார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. நான் தூக்கம் கெட்டுக் கிடக்கிற ஒரு விஷயம் அவருக்கு நினைவிலேயே இல்லை. சுளையைத் தின்றுகொண்டே, இந்த ஆளுக்கு மறக்க முடியாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

வாய்ப்பை அவரே கொண்டுவந்து கொடுத்தார். பழைய கைப்பிடிச் சுவர் ஒரு சாண் உயரம்தான். ஒருநாள் அவருடைய கன்றுக்குட்டி தவறிக் கிணற்றில் விழுந்து செத்துப்போனது. குழந்தைகள் நடமாடும் இடம் என்று, சுற்றிலும் கல்லும் சிமென்டும் வைத்துச் சுவரை உயர்த்திவிட்டார். நான் போனபோது அம்புக்குறி சிமென்டுக்குள் மறைந்திருந்தது.

"உங்க குறி அடியில போய்டுச்சி சார். மேல ஒண்ணு போட்டுக்கங்க" என்றார். பிறகு, படித்தவனுக்குச் சொல்லலாமா என்று தயங்கியவர்போலச் சேர்த்தார்: "ரெண்டு மொழம் ஏத்தியிருக்கேன். கணக்குல அத கழிச்சிக்குவீங்க இல்ல?"

கழித்துக்கொள்கிறேன் என்றேன். புதிய சுவரின் மேல் புதிய அம்புக்குறி போட்டேன். டேப்பை அங்கிருந்து இறக்கினேன். பதிவேட்டில் மட்டும், வந்த அளவிலிருந்து பழைய ஒரு சாணையே கழித்து எழுதினேன். சுவர் உயர்ந்ததை எந்த இடத்திலும் குறிக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது. பதிவேட்டில் அது ஒரே மாதத்தில் இரண்டு முழம் இறங்கிப் போனது.

அப்போது எனக்குத் திட்டமென்று ஏதும் இல்லை. இது என்றைக்காவது ஒருநாள் அவரைக் கடிக்கும் என்று மட்டும் தெரிந்திருந்தது. மாதாமாதம் அந்தக் கழித்தலைச் செய்யும் இடத்துக்கு வரும்போது பேனாவை ஒரு கணம் நிறுத்துவேன். பிறகு ஒரு சாண் மட்டும் கழிப்பேன். அந்த ஒரு கணத்துக்காகவே மலையேறியதுபோல இருக்கும். அலுவலகத்தில் வரைபடம் போடுபவர் ஒருநாள் கூப்பிட்டு, இந்தக் கிணறு மட்டும் ஏன் படிக்கட்டு மாதிரி கீழே விழுகிறது என்று கேட்டார். பக்கத்து நிலத்தில் ஆழ்துளை போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த ஊரில் அப்போது ஓர் ஆழ்துளைக் கிணறுகூடக் கிடையாது.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, மலை விவசாயிகளுக்கு மானியத்தில் கிணறு வெட்டித் தரும் திட்டத்தில் அவருடைய மனு என் மேஜைக்கு வந்தது. கீழ்ப்பக்கம் இருந்த மானாவாரி நிலத்துக்கு ஒரு கிணறு கேட்டிருந்தார். எதற்கு என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் என்னிடமே பல தடவை பேசியிருக்கிறார். சாமை ஒரு பருவம்தான். மீதி நாளெல்லாம் இளைஞர்கள் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்விடுவார்கள். கீழ் நிலத்தில் தண்ணீர் இருந்தால் இரண்டாவது போகம் எடுக்கலாம்; மகனை ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒரே மகன். அவனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது.

மனுவின் மேல் இப்படி எழுதினேன்: 'அருகிலுள்ள கண்காணிப்புக் கிணற்றில் ஓராண்டில் நீர்மட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர் சரிந்துள்ளதால் புதிய கிணறு பரிந்துரைக்கப்படவில்லை.' எழுதிய பிறகு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். நல்ல கையெழுத்தில் வந்திருந்தது.

அவர் போளூருக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மனுவின் நகலை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, என் மேஜைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொல்லவில்லை நான்.

"சார், கெணத்துல தண்ணி எப்பவும் போலத்தான் நிக்குது. நீங்களே மாசா மாசம் வந்து பாக்கறீங்க. எறங்கிப் போச்சின்னு எழுதியிருக்குதே."

கணக்கு அப்படித்தான் சொல்கிறது என்றேன்.

"நான் செவுத்த ஏத்தினேனே, அந்த ரெண்டு மொழம்..."

அவரே காரணத்தைத் தொட்டுவிட்டார். அந்த இடத்திலாவது நான் நின்றிருக்கலாம். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இத்தனை நாள் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"எனக்கு இன்னா தெரியும்? உங்க நாயக் கேட்டுப் பாருங்க."

பக்கத்து மேஜைக்காரர் குனிந்து சிரித்தார். எதிரில் நின்றவர் முகம் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தது. பிறகு புரிந்தது. எந்தக் கிணற்றடி, எந்த ஜீப், எந்தப் பேச்சு என்று ஒவ்வொன்றாக அவர் நினைவுக்கு வருவதை நான் உட்கார்ந்தபடியே பார்த்தேன். பெரிய சந்தோஷம் அது. மறைக்க மாட்டேன். காகிதத்தை இன்னும் சின்னதாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று வீட்டுக்குப் போகும்போது அல்வா வாங்கிக்கொண்டு போனேன். என்ன விசேஷம் என்று மனைவி கேட்டாள். சும்மாதான் என்றேன்.

அந்த வருடமே மகனும் மருமகளும் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். கீழ் நிலத்தை உண்ணிச்செடிப் புதர் மூடத் தொடங்கியது. மாதாமாதம் கிணறு அளக்கப் போகும்போது அதைப் பார்ப்பேன். அவர் வெளியே வருவதை நிறுத்திவிட்டிருந்தார். அளந்துவிட்டு, ஒரு சாண் கழித்து எழுதிக்கொண்டு, வந்துவிடுவேன். மகிழ்ச்சி ஒரு வருடம் இருந்திருக்கும். பிறகு அது பழக்கமாயிற்று. ஓய்வு பெறும்வரை அந்தக் கணக்கை நான் திருத்தவில்லை.

ஓய்வு பெற்று ஐந்தாவது வருடம், ஒரு பொங்கல் முடிந்த வாரத்தில் போளூரில் வேலூர்ப் பேருந்து ஏறினேன். நிற்க இடமில்லை. மனைவி, பெண் குழந்தை, மூட்டைகளோடு உட்கார்ந்திருந்த ஒருவன் என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தான். யாரென்று தெரியவில்லை. "எங்க கெணத்த அளக்க வருவீங்களே சார்" என்றான். அவருடைய மகன். தோட்டத்துக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். குழந்தை அங்கே கன்னடப் பள்ளியில் படிக்கிறதாம். கண்ணமங்கலம் வரை என் பக்கத்தில் நின்றபடியே பேசிக்கொண்டு வந்தான். கீழ் நிலத்துக்கு ஏன் கிணறு வரவில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"தண்ணி எறங்கிப் போச்சாம் சார். அதுக்கு யாரு இன்னா பண்றது?"

என் பெயரை அப்பா அவனிடம் சொல்லவே இல்லை. அவன் கொடுத்த இடத்தில் உட்கார்ந்து, இறங்க வேண்டிய ஊர் வரைக்கும் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் வந்தேன்.

அடுத்த வாரம் மலைக்குப் போனேன். அவரும் அவருடைய மனைவியும் வாசலில் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அறுபத்து மூன்று வயது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சுவர், ஒரு சாண், இரண்டு முழம், நான் எழுதிய வரி. அவர் கையை நிறுத்தாமல் கேட்டார்.

"தெரியும் சார். அன்னிக்கு ஆபீஸ்ல நாயக் கேளுன்னு சொன்னீங்களே, அப்பவே தெரியும்."

ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் இன்னொரு புளியை எடுத்துத் தட்டினார்.

"இன்னான்னு சொல்றது? நான் ஒரு பேச்சு பேசினேன், கெணறு போச்சின்னா? என் வாயாலதான் என் புள்ள ஊர வுட்டுப் போனான்னு எனக்குள்ளயே வெச்சிக்கினேன். இதோ, பதினோரு வருசம். இவகிட்டகூட சொல்லல."

அந்த அம்மா அப்போதுதான் முதல்முறையாக இதைக் கேட்கிறார் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கணவனைப் பார்த்தார். பிறகு என்னை, நிதானமாக, தலையிலிருந்து கால் வரை பார்த்தார். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கொடுத்தேன். என் நாற்காலியில் அப்போது ஓர் இளம் பெண் அதிகாரி இருந்தார். இதைக் கொடுத்தால் உங்கள் பெயர் கெட்டுவிடுமே ஐயா என்று தயங்கினார். கெடட்டும் என்றேன். அவரே என்னோடு மலைக்கு வந்தார். சுவரின் உட்பக்கம் சிமென்டைச் சுரண்டி, பழைய கல் முடிந்து புதுக் கட்டு தொடங்கும் கோட்டைக் கண்டுபிடித்து அளந்தார். இரண்டு முழத்துக்கு இரண்டு விரற்கடை கூட. பிறகு ஒரு வருடத்துக்கு மேல் கடிதங்கள் நடந்தன. அத்தனை வருடத்து அளவுகளையும் திருத்தினார்கள். என்மேல் நடவடிக்கை எடுக்கக் காலம் கடந்துவிட்டது என்று ஒரு கடிதம் வந்தது. அதை வாசித்தபோது நிம்மதியாக இல்லை. அவமானமாக இருந்தது.

அந்த விவசாயியின் மனுவைப் புதிதாக எழுதி, நானே அலுவலகம் அலுவலகமாக நடந்தேன். இரண்டு வருடத்தில் கிணறு வெட்ட உத்தரவு வந்தது. வெட்டினார்கள். நாலு ஆள் ஆழத்திலேயே ஊற்றுக் கண் திறந்தது. செய்தி கேட்டு ஓடினேன். கற்பூரம் ஏற்றி முடித்திருந்தார்கள். ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. முதல் தண்ணீரைச் சொம்பில் எடுத்துக் கைமாற்றிக் கைமாற்றி எல்லோரும் ஒரு வாய் குடித்தார்கள். மகன் வரவில்லை. குழந்தைக்குப் படிப்பு, இனிமேல் எங்கே வருவது என்று போனில் சொல்லிவிட்டானாம்.

சொம்பு எனக்குப் பக்கத்தில் நின்றவர் வரைக்கும் வந்தது. நான் கையை நீட்டினேன். அந்த அம்மா முன்னால் வந்து சொம்பை வாங்கிக்கொண்டார். இன்னொரு கையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது. ஜமுனாமரத்தூர்க் கடையில் வாங்கிய பாட்டில். மூடியின் முத்திரை உடையவில்லை. அதை என் கையில் கொடுத்தார்.

"உங்க ஆபீஸ் கணக்குல இந்த ஊர்ல தண்ணியே எறங்கிப் போச்சிங்களே சார். இல்லாத தண்ணிய விருந்தாளிக்கு எப்டிங்க குடுக்கறது? அதான் வெல குடுத்து வாங்கியாந்தேன்."

இந்த மலையில் வீட்டுக்கு வந்தவனுக்குத் தண்ணீர் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். அந்த அம்மாவும் சொல்லவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. கிணற்றுக்காரர் மட்டும் தலை குனிந்துகொண்டார். நான் முத்திரையை உடைத்து, அத்தனை பேரும் பார்க்க, பாட்டிலைக் கடைசி வரை குடித்தேன். பிளாஸ்டிக் வாடை அடித்தது.

அன்று பேருந்தில் இறங்கி வரும்போது பழைய புத்தி ஒருமுறை தலை தூக்கியது. இந்தக் கிணற்றுக்கு மேற்புறம் மாட்டுக் கொட்டகை இருக்கிறதே, தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினால் குடிக்க உதவாது என்று வருமே என மனம் கணக்குப் போட்டது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அதே நேரம், கொட்டகையைத் தள்ளிக் கட்டச் சொல்வது என் படிப்புக்குக் கடமையும்கூட. ஆனால் நான் வாயைத் திறந்தால் அதை யார் அறிவுரையாகக் கேட்பார்கள்? கடைசியில் அந்தப் பெண் அதிகாரியிடம் சொல்லி, அவர் போய்ச் சொன்னதாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். கொட்டகை இடம் மாறிற்று. நான் சொன்னதென்று அங்கே யாருக்கும் தெரியாது.

மழைக்குப் பிறகு ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை என்று இப்போதும் போகிறேன். கீழ் நிலத்தில் நெல் நிற்கிறது. அவர் ஒற்றை ஆளாய்ப் பார்த்துக்கொள்கிறார். என்னோடு வரப்பில் உட்கார்ந்து பேசுவார். ஒருமுறை அவரே எழுந்துபோய்க் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு எடுத்து வந்தார். அந்த அம்மா கொட்டகை ஓரத்தில் நின்று பார்த்தார். கணவர் சொம்பை என்னிடம் நீட்டாமல் வரப்பிலேயே வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பாட்டில் வந்தது.

போன மாதம் போனபோது அவர் சந்தைக்குப் போயிருந்தார். அந்த அம்மா மட்டும் இருந்தார். பாயை விரித்தார். பாட்டிலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். ஒரு வாய் கிணற்றுத் தண்ணீர் கேட்க வேண்டுமென்று வழியெல்லாம் யோசித்து வந்தவன், பாட்டிலின் முத்திரையை உடைத்தேன். குடித்து முடித்து எழுந்து, "போய்ட்டு வர்றேங்க" என்றேன்.

"வாங்க சார்" என்றார். "மொதல்லயே போன் பண்ணிட்டு வாங்க. கடைக்குப் போவணும் இல்ல."